பிஸ்கட் டின்னில் வந்த சீக்கோ

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது, வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓர் இளைஞர் காத்திருந்தார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில் நான்காம் ஆண்டில் என்னிடம் படித்தவர். அவருடைய தந்தை எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து, ஈராண்டுகளுக்கு முன் காலமானவர். இளைஞரின் கையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. திறந்தால் சேமநிதிக் கடிதங்கள், ஒரு கால் உடைந்த மூக்குக்கண்ணாடி, மருந்தகச் சீட்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் கைக்குட்டையில் சுற்றிய கனமான ஒரு வாட்ச்.

"சார், இது அசல்தானா பாருங்க. ஈப்போல ஒருத்தர் டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டு, ஆனா 200 வெள்ளி தர்றேங்கறாரு."

போலி என்று சொல்லிவிட்டு அதற்கே 200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுக்க முன்வருகிறவரைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. தங்கையின் பல்கலைக்கழகச் செலவுக்காக விற்க வேண்டியிருக்கிறது என்றும், விலை எவ்வளவானாலும் வாங்குபவரிடம் பொய் சொல்லி விற்க மனமில்லை என்றும் அவர் சொன்னார். அப்படியானால் முதலில் நாம் பொய் இல்லாமல் பார்த்துவிடுவோம் என்று மீனை உள்ளே கொடுத்துவிட்டு, சன்னலோர மேசையில் வெள்ளைத் துண்டை விரித்தேன்.

அது ஜப்பானின் சீக்கோ நிறுவனத்தின் 6309-7040 மாதிரி வாட்ச். முழங்காலிட்ட ஆமை போல அகன்று உருண்ட உடல், நான்கு மணிப் பக்கம் தள்ளி வைத்த சாவி (நேரம் திருத்தும் குமிழ்), கறுப்பு முகப்பு, தடித்த வெள்ளைப் புள்ளிகள். 1976 முதல் 1988 வரை தயாரிக்கப்பட்ட முக்குளிப்போர் வாட்ச். பெயர்தான் முக்குளிப்போருக்கானது, எங்கள் பக்கத்தில் இதைக் கட்டியிருந்தவர்களில் கடலுக்குள் இறங்கியவர் எவரையும் நான் அறியேன். விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் (வேலையாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம்) மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நேரம் தெரிந்ததும், மழையிலும் வியர்வையிலும் நின்றுபோகாததும்தான் இதன் பெருமை. லுமுட் கடற்கரைக்குத் தோட்டத்துப் பேருந்தில் போன ஒரு நாளில் முழங்கால் அளவு உப்புத் தண்ணீரைப் பார்த்திருந்தால் அதிகம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய வாட்ச் ஒன்றைச் சோதிக்கும்போது அது வாழ்ந்த இடம் எதுவென்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கடலில் வாழ்ந்த வாட்ச் ஒரு விதமாகக் கெடும். ஆலையில், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் நெடியில், ஆண்டு முழுவதும் ஈரம் குறையாத காற்றில் வாழ்ந்த வாட்ச் இன்னொரு விதமாகக் கெடும். குளிரூட்டிய அறையில் பெட்டிக்குள் கிடந்தது போல அப்பழுக்கில்லாமல் வரும் தோட்டத்து வாட்ச்தான் என்னை முதலில் சந்தேகப்பட வைக்கும்.

அசலா என்பது ஒரு கேள்வி, நலமாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓடாமல் துருப்பிடித்துக் கிடப்பது முழுக்க அசலாக இருக்கலாம்; நிமிடம் தவறாமல் ஓடிக் கண்ணைப் பறிப்பது நான்கு வாட்ச்சுகளிலிருந்து உறுப்புகளைக் கழற்றிச் சேர்த்ததாக இருக்கலாம். இப்படிச் சேர்த்ததை நான் ஒட்டு வாட்ச் என்று சொல்வேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை: வேர் ஒரு மரத்தினது, தண்டு வேறு மரத்தினது, ஒட்டிய இடம் மட்டும் யானைக்கால் போல வீங்கியிருக்கும். ரப்பர் மரத்தில் அது பாலைப் பெருக்குகிற தொழில். வாட்ச்சில் சொல்லாமல் விற்றால் அது ஏமாற்று.

முதலில் திருப்பிப் போட்டுப் பின்மூடியைப் பார்த்தேன். சீக்கோவின் பின்மூடியில் பேரலைச் சின்னத்தோடு மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். மாதிரி எண்ணில் கோட்டுக்கு முன்னால் உள்ள நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் எந்திரத்தினுடையது. பின்னால் உள்ள நான்கு இலக்கம் உடலினுடையது. வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கமாகவும், அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகியவை ஓ (O), என் (N), டி (D) என்ற ஆங்கில எழுத்துகளாகவும் வரும். எந்தப் பத்தாண்டு என்பதை எண் சொல்லாது. அந்த மாதிரி எப்போது விற்பனையில் இருந்தது என்பதை வைத்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். 6309-7040-இல் முதல் இலக்கம் ஆறு, ஏழு, எட்டு என்றால் 1970களா 1980களா என்று குழப்பம் வரும். மற்ற இலக்கங்களுக்குக் குழப்பமில்லை. இந்த வாட்ச்சின் எண் ஒன்று, ஐந்து என்று தொடங்கியது. அதாவது 1981 மே.

"உங்க அப்பா இதை எப்போ வாங்கினாருன்னு அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கைத்தொலைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டார். கல்யாணமான வருசம், தீபாவளிக்கு முன்னால், ஈப்போவில் வாங்கியது என்று பதில் வந்தது. கல்யாணம் எந்த வருடம்? 1981. மே மாதம் ஜப்பானில் செய்த வாட்ச் அந்த ஆண்டுத் தீபாவளிக்குள் ஈப்போ கடைக்கு வந்து சேர்ந்திருப்பது பொருந்துகிறது. வாட்ச் ஒன்றும், அதைப் பற்றிக் குடும்பத்தில் சொல்லப்படும் கதை ஒன்றும் இப்படி ஒத்துப்போவதைப் பார்ப்பதில் எனக்கு இப்போதும் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

ஆனால் பின்மூடி ஒத்துப்போனால் பின்மூடி மட்டும்தான் அசல் என்று ஆகும். ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்த உண்மையை 450 வெள்ளி கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இணையத்தில் படம் பார்த்து, இதே மாதிரி ஒன்றைத் தெற்கே ஒரு பட்டணத்திலிருந்து வரவழைத்தேன். பின்மூடியின் எண், எழுத்து, அலை எல்லாம் சரி. முகப்பு புத்தம் புதிது போல இருந்தது. நல்லபடி வைத்திருந்திருக்கிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்தேன். அன்று இரவு படுக்கையறையில் விளக்கை அணைத்த பிறகு பார்த்தால், சாமி அறையில் நீல விளக்கு எரிவது போல மேசை மீது வாட்ச் ஒளிர்ந்தது. நள்ளிரவில் எழுந்து பார்த்தேன், அப்போதும் ஒளிர்ந்தது. எனக்கு உறக்கம் போய்விட்டது. விடிய விடிய ஒளிரும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூச்சை ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கியது 1993-இல். 1980-களின் வாட்ச்சில் அது இருக்க வழியே இல்லை. அந்தக் காலத்து ஒளிப்பூச்சு இன்று, விளக்கை அணைத்ததும் சில நிமிடம் மங்கலாகத் தெரிந்து அடங்கிவிடும். பல வாட்ச்சுகளில் அதுவும் இருக்காது. மறுநாள் உருப்பெருக்கியில் பார்த்தபோது எழுத்துகளின் ஓரம் மை ஊறியது போலப் பரவியிருந்தது, புள்ளிகள் அரிசி வடகம் போல மேடு தட்டியிருந்தன. முகப்பு, முட்கள், முகப்பைச் சுற்றியுள்ள வளையம் மூன்றும் புதிதாகச் செய்தவை. உள்ளே இருந்த எந்திரம் வேறு. விற்றவருக்கு எழுதினேன், "படத்தில் இருந்ததைத்தானே அனுப்பினேன்" என்று ஒரு வரி பதில் வந்தது. அவர் சொன்னதும் உண்மைதான், அதனால் கோபம் இன்னும் கூடியது. அந்த வாட்ச் இப்போதும் என்னிடம் இருக்கிறது. போலியைக் காட்டிப் பாடம் நடத்த அதைப் போல வேறொன்று கிடைக்காது.

ஆகவே அந்த இளைஞத் தம்பியின் வாட்ச்சை உருப்பெருக்கியின் கீழ் வைத்து வெகுநேரம் பார்த்தேன். முகப்பின் கறுப்பில் ஈரக்காற்று ஊறிய மெல்லிய சாம்பல் படலம். ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, 6309 என்று தொடங்கும் குறியீடு தலைமுடி அளவு மெல்லிய எழுத்தில், உடைசலின்றி இருந்தது. இந்தக் குறியீட்டின் பின்பாதி பின்மூடி எண்ணோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும் என்று நினைத்துச் சிலர் பதறுகிறார்கள். சீக்கோவில் முகப்பின் எண்ணும் உடலின் எண்ணும் கடைசி இலக்கங்களில் வேறுபடுவது இயல்பு. முன்பாதி ஒத்திருந்தால் போதும். முகப்பில் '150 மீட்டர் வாட்டர் ரெசிஸ்ட்' என்ற சொற்கள் இருந்தன. பழைய சீக்கோக்களில் 'வாட்டர் புரூஃப்' என்று இருக்கும். அந்தச் சொல்லை நிறுவனம் 1970 வாக்கில் கைவிட்டுவிட்டது. 1976-இல் பிறந்த மாதிரியின் முகப்பில் 'புரூஃப்' என்று அச்சாகியிருந்தால், பழைமையைக் கூட்டிக் காட்ட ஆசைப்பட்டு யாரோ கணக்கில் தவறிவிட்டார்கள் என்று பொருள்.

பிறகு ஒளிப்புள்ளிகள். பழைய வெண்மை மோர் நிறத்துக்கு மாறி, இரண்டு மூன்று புள்ளிகளின் ஓரத்தில் கரும்பச்சைப் பொட்டுகள் படிந்திருந்தன. இது எங்கள் நாட்டு ஈரத்தின் கையெழுத்து. குளிர்நாட்டிலிருந்து வரும் வாட்ச்சுகளில் இதை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. மணி முள்ளும் நிமிட முள்ளும் அதே மோர் நிறம், அதே பொட்டு. ஆனால் வினாடி முள் மட்டும் வெளுத்திருந்தது. பால் போல வெண்மை இல்லை, இருந்தாலும் மற்ற இரண்டுக்கும் பத்து வயது இளையது போலத் தெரிந்தது. வாட்ச்சின் உறுப்புகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக முதுமை அடைந்திருக்கின்றனவா என்பதைத்தான் நான் எப்போதும் தேடுவேன். ஒன்று மட்டும் முந்தியோ பிந்தியோ போயிருந்தால் அங்கே ஒரு கதை இருக்கும்.

இதே கண்ணால்தான் சுவிஸ் வாட்ச்சுகளையும் பார்க்க வேண்டும். அவை இங்கே என் மேசைக்கு வருவது அபூர்வம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். முகப்பின் அடிவிளிம்பில் 'டி' (T) என்ற ஆங்கில எழுத்தோடு சுவிஸ் என்று இருந்தால் அதில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசப்பட்டது. அதன் அரை ஆயுள் (கதிர்ப்பு பாதியாகக் குறையும் காலம்) 12.3 ஆண்டு, எனவே நாற்பது ஆண்டு கழிந்த ஒன்றில் பத்தில் ஒரு பங்கு கதிர்ப்பே மிச்சமிருக்கும், இருட்டில் ஒளிராது. அதற்கும் முந்தையவற்றில் ரேடியம். அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஒளி செத்தாலும் கதிர் சாகாது. அந்தப் பொடியைச் சுரண்டவோ, திறந்து ஊதவோ கூடாது. ரோலெக்ஸ் சப்மரைனர் என்று சொல்லிப் பின்பக்கம் கண்ணாடி வைத்து எந்திரம் தெரிய ஒருவர் நீட்டினால், அதைக் கையில் வாங்கவே வேண்டாம். அந்த மாதிரியில் கண்ணாடிப் பின்மூடி என்று ஒன்று வந்ததில்லை.

திறக்காமலேயே எந்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளச் சாவி போதும். இந்த மாதிரியின் சாவி திருகி மூடும் வகை. மெல்லத் திருகிக் கழற்றியபோது திருகு மரைகளில் மணல் கடிப்பது போன்ற நெறுநெறுப்பு இல்லை. மூடும்போது இரண்டரைச் சுற்று சுற்றி உறுதியாக நின்றது. இந்த மரை தேய்ந்துபோயிருந்தால் சாவி மூடாது. சாவி மூடாத வாட்ச்சில் 150 மீட்டர் என்பது வெறும் எழுத்து. அடுத்து, 6309 எந்திரத்துக்கு இரண்டு இல்லாமைகள் உண்டு. சாவியைத் திருகினால் எந்திரத்தை ஓட்டும் வில் ஏறாது, கையை அசைத்தால்தான் ஏறும். நேரம் திருத்தச் சாவியை இழுத்தாலும் வினாடி முள் நிற்காது, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சாவி கொடுத்து ஏறினாலோ, இழுத்ததும் வினாடி முள் நின்றாலோ, உள்ளே இப்போதைய எந்திரம் ஒன்றைப் புகுத்தியிருக்கிறார்கள். என்னுடைய 450 வெள்ளி வாட்ச்சில் வினாடி முள் சொன்ன பேச்சு கேட்டு நிற்கும். தம்பியினுடையது நிற்கவில்லை.

வளையத்தைச் சுற்றினேன். இது இரு பக்கமும் சுற்றும். இன்றைய முக்குளிப்பு வாட்ச்சுகளின் வளையம் இடப்பக்கம் மட்டுமே சுற்றுவதால், ஈப்போக்காரர் இதையும் ஒரு குற்றமாகச் சொல்லியிருக்கிறார். இல்லை, 6309-இன் வளையம் இரு பக்கமும் சுற்றும்படிதான் செய்யப்பட்டது, ஒரு சுற்றுக்கு அறுபது சொடுக்கு, உள்ளே ஒரு சின்ன எஃகுக் குண்டு. இதில் சொடுக்கு கொஞ்சம் தளர்ந்திருந்தது. வளையத்தின் மீதிருந்த எண்கள் பதித்த கறுப்புத் தகடு வெயிலில் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது, முகப்பின் சாம்பலோடு நன்றாகவே ஒத்துப்போனது. அசல் தகடு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். உடலின் மேற்பரப்பில் மங்கலான கோடுகளும் பக்கவாட்டில் பளபளப்பும் சந்திக்கும் விளிம்பு இன்னும் விரலுக்குத் தட்டுப்பட்டது. மெருகேற்றும் சக்கரத்தில் கொடுத்திருந்தால் அந்த விளிம்பு சோப்புக்கட்டி போல வழவழத்திருக்கும். கீறல்களை விலைக்குக் குறை என்று நினைத்து மெருகு போட்டுக் கொண்டுவருகிறவர்களிடம் இதைச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. போன உலோகம் திரும்பி வராது. வாரைப் பிடிக்கும் கம்பிகளும் சீக்கோவின் தடித்த கம்பிகள்தாம்; ஒன்று துருவேறி, எண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருந்த பிறகே அசைந்தது.

பின்மூடியைத் திறப்பதற்கு நான் அவசரப்படவில்லை. மழை பெய்து ஓய்ந்த மாலையில் இங்கே வாட்ச்சைத் திறந்து மூடினால், ஈரக்காற்றை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகும். பிற்பகலில் குளிர்சாதனம் ஓடும் அறையில், கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன். பின்மூடியின் ரப்பர் வளையம் தார் போலக் குழைந்து கருவியில் நூல் நூலாக இழுபட்டது. பல ஆண்டுகளாக யாரும் திறக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எந்திரத்தில் 6309ஏ என்ற குறியீடு. ஏ முந்தையது, பி பிந்தையது, 1981-க்கு ஏ பொருந்தும். 17 கல் (தேய்மானத்தைக் குறைக்கும் சிறு மாணிக்கத் தாங்கிகள்). 1996-இல் வந்த 7எஸ்26 எந்திரத்தைச் சிலர் இந்த உடலில் பொருத்துவார்கள். அதில் 21 கல், எண்ணிக்கை சண்டை போடும். இங்கே சண்டை இல்லை. சாவித் தண்டில் செம்மண் நிறத்தில் லேசான துரு. பல்சக்கரங்களில் எண்ணெய் உலர்ந்து போயிருந்தது.

பின்மூடியின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தபோதுதான் அதைக் கண்டேன். ஊசியால் கீறியது போல, எறும்பு ஊர்ந்த தடம் அளவுக்கு, '3.88' என்று ஓர் எண்ணும், அதன் பக்கத்தில் ஒரு சீன எழுத்தும். பழுது பார்ப்பவர்கள் தங்கள் அடையாளத்தையும் மாதத்தையும் இப்படிக் கீறி வைப்பது பழைய வழக்கம். 1988 மார்ச்சில் யாரோ இதைத் திறந்திருக்கிறார். தம்பி மீண்டும் அம்மாவைக் கூப்பிட்டார். ஆலையில் சங்கிலி அறுந்து கையில் அடித்ததில் வாட்ச் கண்ணாடி தூளாகிப் போனதும், மணிக்கட்டில் நாலு தையல் போட்டதும், கடைத்தெருவில் இருந்த சீனர் கடையில் கண்ணாடி மாற்றியதும் அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தன. அந்தக் கடை இப்போது இல்லை. வெளுத்த வினாடி முள்ளின் கதை அதுதான்: கண்ணாடி நொறுங்கியபோது முள்ளும் வளைந்திருக்கும், கைவசம் இருந்த வேறொன்றைப் போட்டிருப்பார். அதை ஒட்டு வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓட வேண்டிய வாட்ச்சை ஓட வைத்தவர் அவர். விற்கும்போது நாம் மறைத்தால்தான் அது ஒட்டு.

ஈப்போவில் எனக்குத் தெரிந்த ஒரு பழுதுபார்ப்பவரிடம் அளவெடுக்கும் கருவி இருக்கிறது. மறுவாரம் இருவருமாகப் போனோம். இந்த எந்திரம் மணிக்கு 21,600 முறை, அதாவது வினாடிக்கு ஆறு முறை துடிக்க வேண்டும். கருவி அந்தத் துடிப்பைக் காது கொடுத்துக் கேட்டு மூன்று விவரம் சொல்லும்: ஒரு நாளைக்கு எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது, முன்னும் பின்னும் ஊசலாடும் சமநிலைச் சக்கரம் எத்தனை பாகை வீசுகிறது, அந்த வீச்சு இரு பக்கமும் சமமா. நாளுக்கு 40 வினாடி முந்தியது. வீச்சு 170 பாகை. இந்த வயது சீக்கோவில் 220-க்கு மேல் இருந்தால் திருப்தி கொள்ளலாம். 170 என்பது எண்ணெய் உலர்ந்த எந்திரம் மூச்சு வாங்குவது. ஓடுகிறது என்பதற்காக இந்த நிலையில் தினமும் கட்டினால் உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும். கழுவி எண்ணெய் இட்டு, மூன்று ரப்பர் வளையங்களையும் மாற்றித் தந்தார். வீச்சு 240-க்கு வந்தது, முந்துவது நாளுக்கு எட்டு வினாடியாகக் குறைந்தது. முகப்பையும் முட்களையும் தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 150 மீட்டர் ஆழத்தின் நீரழுத்தம் சுமார் 15 பார் (அழுத்த அலகு). முக்குளிப்போர் வாட்ச்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற உலகத் தர நிர்ணயம் 1982-இல்தான் வந்தது. இந்த வாட்ச் அதற்கு ஓராண்டு மூத்தது. முகப்பில் இருப்பது புது வாட்ச்சுக்கு 1981-இல் கொடுத்த வாக்கு, இன்றைய ரப்பர் வளையத்துக்கு அதில் பங்கில்லை. காற்றழுத்தப் பெட்டியில் வைத்து மூன்று பார் வரை சோதித்தார், தாங்கியது. அதற்கு மேல் போக வேண்டாம் என்று நாங்களே நிறுத்திக்கொண்டோம். கருவி இல்லாதவர்கள் வீட்டில் ஒன்று செய்யலாம். வாட்ச்சை 40 முதல் 45 பாகை செல்சியஸ் வரை சூடான இடத்தில் இருபது நிமிடம் வைத்துவிட்டு, கண்ணாடியின் மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீரை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்பக்கம் பனி படிந்திருந்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. தர நிர்ணயச் சோதனைகளில் இருப்பதும் இதே முறைதான். சூடான வாட்ச்சை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்கள் சோதனையாலேயே வாட்ச்சைக் கொல்கிறார்கள்.

விற்பனைக்கான விவரத்தை நானே எழுதிக் கொடுத்தேன். உடல், பின்மூடி, முகப்பு, மணி முள், நிமிட முள், வளையத் தகடு, எந்திரம் அசல், கண்ணாடியும் வினாடி முள்ளும் 1988-இல் மாற்றியவை, மெருகேற்றவில்லை, எண்ணெய் புதிது, நீச்சலுக்கு ஏற்றதன்று. கேட்கும் விலை 1,100 வெள்ளி.

பத்து நாளில் கிள்ளானிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், லாரி நிறுவனத்தில் மேற்பார்வையாளர். அதிகம் பேசவில்லை. தன் கையிலிருந்த இதே மாதிரி வாட்ச்சைக் கழற்றித் தம்பியின் வாட்ச் பக்கத்தில் வைத்தார். பின்மூடி, முகப்பு, சாவி என்று நான் பார்த்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு வந்தவர், வளையத்தில் நின்றுவிட்டார்.

"இந்தத் தகடு இதோடது இல்லீங்க."

எண்களைக் காட்டினார். தம்பியின் வாட்ச்சில் எண்கள் ஓர் இழை தடித்திருந்தன; தகட்டின் வெளிவிளிம்புக்கும் உலோகத்துக்கும் நடுவே நகம் நுழையாத ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடைவெளி இருந்தது. அவருடையதில் அது இல்லை. வெளுத்துச் சாம்பலாகியிருந்ததால் அசல் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். 1988-இல் போட்ட தகடும் அடுத்த இருபது முப்பது ஆண்டு வெயிலில் வெளுக்கத்தானே செய்யும்.

"கண்ணாடி மாத்தினதா எழுதியிருக்கீங்க. இந்த வாட்ச்சுல வளையத்தைக் கழட்டாம கண்ணாடியை எடுக்க முடியாதுங்களே. சங்கிலி அடிச்சதுல தகடு மட்டும் தப்பிச்சிருக்குமா?"

'3.88' என்ற கீறலை நான்தான் கண்டுபிடித்தேன், சங்கிலிக் கதையை நான்தான் கேட்டு வாங்கினேன், அதிலிருந்து வினாடி முள் வரை போன நான் அதற்கு மேல் ஒரு விரல் அகலம் போகவில்லை. குறிப்பேட்டை எடுத்து 'வளையத் தகடு அசல்' என்ற வரியை அவர் முன்னாலேயே அடித்துத் திருத்தினேன். தம்பி என்னைப் பார்த்தார். நூறு வெள்ளி குறைத்துக்கொள்ளலாம் என்றேன். கிள்ளான்காரர் ஆயிரம் வெள்ளியை எண்ணி வைத்தார். புறப்படும்போது, என் அலமாரியில் இருந்த 450 வெள்ளி வாட்ச்சை ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அரை நிமிடம் பார்த்துவிட்டு, அதன் உடல் மட்டும் நல்ல அசல் என்றும், விலை சொன்னால் உதிரிக்காக எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். இன்னும் விலை சொல்லவில்லை.